ஏகாம்பரத்தின் ரஃப் நோட்டு

விதி பதினொன்று: மாணவரின் ரஃப் நோட்டும் ஃபேர் நோட்டும் ஒன்றாகக் கட்டப்பட்டு, வகுப்பு முடிந்த பிறகும் மூன்று ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். இரண்டும் மாறுபடும் இடங்களில் ரஃப் நோட்டே மூலமாகக் கொள்ளப்படும்.

தொழிலாளர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்புகளின் நடைமுறைக் குறிப்பேட்டில் இப்படி இருந்தது. தட்டச்சு செய்து நூலால் தைத்த தடித்த குறிப்பேடு. பெங்களூரில் அதை முழுவதும் படித்த ஆசிரியர் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பெருமை. விடுப்பு விண்ணப்பத்தில் எவ்வளவு ஓரம் விட வேண்டும், சாக்பீஸ் தீர்ந்தால் எந்தப் படிவத்தில் யாருக்கு எழுத வேண்டும், எல்லாம் மனப்பாடம். விதி பதினொன்றும் மனப்பாடம். அது ஒன்றைத்தான் நான் கடைப்பிடிக்கவில்லை.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வளர்ந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள். முதல் மாதத்திலேயே அன்றாடப் பழக்கங்களைப் பற்றிய பாடம் வந்துவிடும். காலையில் எழுகிறேன், காபி குடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இதைவிடச் சாதுவான பாடம் கிடையாது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு ஸ்ரீராம்புரத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் வகுப்பு. ஆஸ்டின் டவுனிலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். அரசாங்கம் என்னையும் கரும்பலகையையும் கொடுத்தது. மில் ஒரு பழைய கிடங்கையும் பெஞ்சுகளையும் கொடுத்தது. பகல் ஷிஃப்டு முடிந்து, புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, இருபது பேர் வருவார்கள். தமிழர்கள் அதிகம், கன்னடக்காரர்கள் கொஞ்சம், தக்னி உருது பேசுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்.

பாடப்புத்தகத்தில் ஒரு கனவான் இருந்தார். ஆறு மணிக்கு எழுவார், செய்தித்தாள் படிப்பார், குடையோடு ஆபீசுக்குப் போவார், மாலையில் நாயோடு உலாவுவார். எங்கள் வகுப்பில் நாய் வளர்த்தவர் யாரும் இல்லை. நாய் துரத்தி ஓடியவர்கள் உண்டு. "உங்கள் தினசரி வாழ்க்கையை இதே போல எழுதுங்கள்" என்றால் முதல் சந்தேகமே இப்படி வரும்:

"சார், ஒரு வாரம் காலைல எழுந்துக்குறேன், ஒரு வாரம் மத்தியானம் எழுந்துக்குறேன். எந்த வாரத்த எழுதட்டும்?"

"இந்த வாரத்தை எழுதுங்க."

"இந்த வாரம் லீவு சார்."

ஏகாம்பரம் இப்படிக் கேள்வி கேட்கிறவர் இல்லை. நாற்பது வயதிருக்கும். மில்லில் பஞ்சுப் பொதிகளை ஏற்றி இறக்கும் சரக்கு லிஃப்ட்டை ஓட்டியவர். மற்றவர்கள் பதவி உயர்வுக்காக வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். அவரிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டேன்.

"லிஃப்ட்டுகிட்ட ஒரு பலகை தொங்குது சார். தெனம் காலைல அதுல கையெழுத்துப் போடறேன். மேல இங்கிலீஷ்ல என்னமோ அச்சடிச்சிருக்கு. எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு எனக்குத் தெரியணுமா இல்லியா?"

அந்தப் பலகையில் இருந்தது, லிஃப்ட்டைச் சோதித்தேன், நல்ல நிலையில் இருக்கிறது என்ற வாசகம். இரண்டாவது வாரத்தில் அவரே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். மறுநாள் வகுப்பில் வழக்கத்தைவிடப் பேச்சுக் குறைந்திருந்தார். நான் அதைப் பாடத்தில் கவனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. முதலில் ரஃபில் எழுதுவார்கள், நாம் திருத்துவோம், பிறகு மை பேனாவால் ஃபேரில் எழுதுவார்கள். பார்வையிட வருகிற எந்த அதிகாரியும் ரஃப் நோட்டைக் கேட்டதில்லை.

தினசரி வாழ்க்கையைப் பற்றி ஏகாம்பரம் ரஃபில் எழுதியதை இன்றும் வரி பிசகாமல் சொல்ல முடியும். அதற்குக் காரணம் என் ஞாபகசக்தி இல்லை, வேறொருவருடையது. அதைப் பிறகு சொல்கிறேன். நாலு மணிக்கு எழுகிறேன். மனைவி காபி போடுகிறாள். மில்லுக்கு நடக்கிறேன். தினமும் லிஃப்ட் தானாகக் கொஞ்சம் கீழே இறங்குகிறது. மரக்கட்டை வைக்கிறேன். மேஸ்திரியிடம் சொல்கிறேன். தசரா கழியட்டும் என்கிறார். மறுபடி கட்டை வைக்கிறேன்.

எட்டு வரி, ஏழு பிழை. ஏழையும் சிவப்பு மையால் சுழித்துத் திருத்தினேன். திருத்தி முடித்த பிறகுதான் அவர் எழுதியிருந்த விஷயம் மண்டையில் ஏறியது. அப்போதும் எனக்கு லிஃப்ட் ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமை மில்லின் லேபர் ஆபீசர் வகுப்பைப் பார்வையிட வருகிறார் என்பதுதான் ஞாபகம் வந்தது.

முந்தைய வருடம் வேறொரு மில்லில், மாணவர் ஒருவரின் ஃபேர் நோட்டில் கக்கூஸைப் பற்றி இரண்டு வரி இருந்தது. அடுத்த மாதம் அந்த வகுப்புக்கு இடம் இல்லாமல் போனது. கிடங்கு தேவைப்படுகிறது என்று கடிதம் வந்ததாம்.

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். "இந்தக் கடைசி அஞ்சு வரி ஃபேர் நோட்டுல வேணாம்."

"ஏன் சார், தப்பா எழுதிட்டனா?"

"தப்பையெல்லாம் திருத்தியாச்சு. சனிக்கிழமை ஆபீசர் வர்றார். எல்லாத்தையும் படிப்பார்."

"படிக்கட்டும் சார். மேஸ்திரி காதுலதான் ஏறல, அவரு கண்ணுலயாவது படட்டும்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "லிஃப்ட்டுக்கு மனு போடவா இங்கிலீஷ் கத்துக்கினே ஏகாம்பரம்? அதையும் பக்கத்துல உக்கார வச்சு ஏ பி சி டி சொல்லிக்குடு!"

வகுப்பே சிரித்தது. ஏகாம்பரமும் சிரித்தார். எனக்கு மட்டும் எரிச்சல்.

"உங்களுக்கு இந்த வேலை வேணுமா வேணாமா? சும்மா இருக்கிறவங்களை எதுக்குச் சீண்டணும்?" என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆனா அது நெஜம் சார்."

"நிஜம் ரஃப் நோட்டுலயே இருக்கட்டும்."

அப்போது அது எனக்குச் சாமர்த்தியமான பதிலாகப் பட்டது. இரண்டாவது பெஞ்சில் யாரோ அதை ரசிக்கவும் செய்தார். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று ஏகாம்பரம் கேட்டார். நானே கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தினமும் காலையில் என் லிஃப்ட்டைச் சோதிக்கிறேன். அது நன்றாக வேலை செய்கிறது. பிழையே இல்லாத இரண்டு வாக்கியங்கள். பலகையில் அவர் தினமும் கையெழுத்துப் போட்ட வாசகமும் ஏறத்தாழ அதுதான். அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் என்னிடம் வந்திருந்தார். உருண்டை உருண்டையான எழுத்தில் நிதானமாகப் பார்த்து எழுதினார். கீழே "வெரி குட்" என்று போட்டு நான் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை வந்த லேபர் ஆபீசர் நோட்டுகளைப் புரட்டினார். ஏகாம்பரத்தின் கையெழுத்தைப் பார்த்து, "பிரமாதமா இருக்கே! இவரா லிஃப்ட்மேன்?" என்று வியந்தார். மேலிடத்துக்குக் காட்டுவதற்காக நாலு ஃபேர் நோட்டுகளைக் கையோடு எடுத்துப் போனார். அவற்றில் ஏகாம்பரத்துடையதும் ஒன்று. ஏகாம்பரத்துக்குப் பெருமைதான். வீட்டில்கூடச் சொன்னாராம்.

தசரா விடுமுறைக்கு முன் அந்தப் பருவம் முடிந்தது. எனக்குக் கொடுத்திருந்த அலமாரியில் ஒரே ஒரு தட்டு. ஃபேர் நோட்டுகளை அடுக்கினேன். ரஃப் நோட்டுகளை மில் வாசலில் வேர்க்கடலை விற்றவரிடம் தூக்கிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. விதி பதினொன்று நினைவுக்கு வந்தது. அலமாரியைப் பார்த்ததும் போய்விட்டது.

தசரா கழிந்தது. லிஃப்ட்டை யாரும் பார்க்கவில்லை. ஒரு காலை ஷிஃப்டில், ஏகாம்பரம் குனிந்து கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது லிஃப்ட் இறங்கியது.

அன்று மாலை வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. பின் பெஞ்சில் கேலி பேசியவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்னைக்கே ரிப்பேர்காரன் வந்துட்டான் சார்" என்றார்.

மில் விசாரணை நடத்தியது. தொழிலாளர் இலாகா அதிகாரி ஒருவர் மேற்பார்வை. முடிவு: இறந்தவரின் கவனக்குறைவு. பழுது இருப்பதாக அவர் யாரிடமும் தெரிவித்ததற்குச் சான்று இல்லை. மாறாக, லிஃப்ட் நல்ல நிலையில் இருந்ததாக அவரே தினமும் கையெழுத்திட்டிருக்கிறார். அதோடு, அரசு ஆசிரியர் ஒருவர் பார்த்து ஒப்பமிட்ட நோட்டில் தன் கைப்பட எழுதியும் இருக்கிறார்.

லேபர் ஆபீசர் என்னை வழியில் பார்த்து நிறுத்தினார். "உங்க கிளாஸ் ரொம்ப உபயோகமா இருந்தது சார்" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரத்தின் மனைவி பாக்கியம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கவனக்கொறவுன்னு எழுதியிருக்காங்களாம் சார். அவரு சாப்பிட்டுட்டு தட்ட எடுத்து வைக்கிறதுலகூட கவனமான ஆளு. மேஸ்திரிகிட்ட சொல்லவே இல்லன்னு எப்டி எழுதலாம்?"

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் இறந்தவரின் மனைவிக்கு நூல் சுற்றும் பிரிவில் இடம் கொடுப்பார்கள். கவனக்குறைவால் இறந்தவர் என்று பதிவாகிவிட்டால் அது கிடையாது. ஆட்சேபிக்கப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு. அந்த ஒரு சொல்லை எடுக்க வேண்டும். பாக்கியம் கேட்டது அவ்வளவுதான்.

"அவர் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்மா?" என்று கேட்டேன்.

"அவருதான் பாடம் படிப்பாரே. காபி ஆறங்காட்டியும் சத்தமா படிப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கே வந்துடுச்சி." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னார்: "ஐ கெட் அப் அட் ஃபோர். மை ஒய்ஃப் மேக் காஃபி. ஐ வாக் டு மில். எவ்ரி டே லிஃப்ட் கம் டவுன். ஐ புட் வுட் பீஸ். ஐ டெல் மேஸ்திரி. மேஸ்திரி சே ஆஃப்டர் தசரா. ஐ புட் வுட் பீஸ்."

எட்டு வரி. ஏகாம்பரம் ஃபேரில் எழுதியதையல்ல, ரஃபில் எழுதியதைத்தான் வீட்டில் படித்திருக்கிறார். அதுவும் நான் திருத்துவதற்கு முன் இருந்தபடியே. இம்முறை எந்தப் பிழையும் என் காதில் விழவில்லை.

"இதுல மேஸ்திரி வர்றாரே சார், போதாதா?" என்றார் பாக்கியம்.

அன்றே உட்கார்ந்து எழுதினேன். ரஃப் நோட்டில் இருந்தது இது. ஃபேர் நோட்டில் இருப்பது என் வாக்கியம். அவரை எழுத வைத்தவன் நான். எதையும் மறைக்கவில்லை. இரண்டு பக்கம், சரியான ஓரம் விட்டு எழுதியிருந்தேன். பாக்கியம் கையை நீட்டினார்.

"குடுங்க சார். விசாரணை ஆபீசு மல்லேஸ்வரத்துலதான கீது? நடந்தே போயி குடுத்துட்டு வந்துடறேன்."

"அப்படி நேரா கொடுக்கக் கூடாதும்மா. எங்க ஆபீஸ் வழியாத்தான் போகணும். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறைல போனா நாள் ஆவாதா?"

"முறைல போனாத்தான் மதிப்பு."

விதிப்படி நான் சொன்னது சரி. அரசு ஊழியர் வேறு அலுவலகத்துக்கு எழுதும் எதுவும் தன் மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து மேசைகள். ஒவ்வொன்றிலும் முத்திரை. பன்னிரண்டாம் நாள் விசாரித்தேன். இரண்டாவது மேசையில் இருந்தது. அந்த மேசைக்காரர் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் போயிருந்தார்.

பதினான்காம் நாள் பொறுக்க முடியாமல் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு மல்லேஸ்வரம் போனேன். விசாரணையை மேற்பார்த்த இலாகா அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார். பாக்கியம் எட்டு வரியையும் சொன்னார். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்கய்யா. இதுமட்டும் தெரியும்."

அதிகாரியின் பார்வை ஆங்கில ஆசிரியனான என்மேல் வந்து நின்றது. நான்தான் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்ததாக நினைக்கிறார் என்று புரிந்தது.

"சரி, மேஸ்திரியிடம் எந்தத் தேதியில் சொன்னார்?"

"தெனமும் சொல்வாருங்க."

"தினமும் என்று காலண்டரில் ஒரு தேதி இல்லையே அம்மா. ஒரு தேதி சொல்."

பாக்கியம் என்னைப் பார்த்தார். தேதி எனக்கும் தெரியாது. ரஃப் நோட்டு எங்கே என்று அதிகாரி என்னிடம் கேட்டார். சொன்னேன். பக்கத்து மேசை குமாஸ்தா சிரிப்பை அடக்க இருமினார். உங்கள் எழுத்து மூலமான வாக்குமூலம் முறைப்படி வந்து சேர்ந்ததும் பரிசீலிக்கப்படும் என்றார் அதிகாரி. அது வந்து சேர்வதற்குள் விசாரணைக் கோப்பு முடித்துக் கட்டப்பட்டுவிட்டது.

அதன் பிறகு ஆறு மாதம் மில் வாசலில் தினமும் வேர்க்கடலை வாங்கினேன். எனக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. பொட்டலத்தைப் பிரித்து, கடலையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, காகிதத்தைப் படிப்பேன். என் சிவப்பு மை அடிக்கடி வந்தது. யார் யாரோ எழுந்தார்கள், குளித்தார்கள், வேலைக்குப் போனார்கள். ஏகாம்பரம் வரவே இல்லை. ஒரு நாள் கடலைக்காரர், "அந்தக் கட்டு என்னிக்கோ தீந்துபோச்சே சார்" என்றார்.

பாக்கியம் ராஜாஜிநகரில் கட்டடம் எழும்பிய இடங்களில் சித்தாள் வேலைக்குப் போனார். சில மாதங்களுக்கு ஒருமுறை சாலையில் என் சைக்கிளை நிறுத்துவார். முகமெல்லாம் சுண்ணாம்பு.

"ஏதாச்சும் வந்துச்சா சார்?"

"வரும்மா."

மூன்று வருடம் அதே கேள்வி, அதே பதில். நானும் நினைவூட்டல் கடிதங்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தேன், ஐந்து மேசை வழியாக. இதற்கிடையில் ஒவ்வொரு புது வகுப்புக்கும் அந்தப் பாடத்தை நடத்தினேன். காலையில் எழுகிறேன், காபி குடிக்கிறேன். ரஃப் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் அடுக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற அன்று கட்டில் ஒரு பக்கம் தூக்கி நின்றது. அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இருந்தாலும் நீங்களும் வையுங்கள். மாணவர் எழுதியதை முதல் தடவை பேனாவை மூடி வைத்துவிட்டுப் படியுங்கள். கையில் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிற காகிதத்தை மேசைத் தட்டில் போடாதீர்கள். அதற்காக உங்கள் மேல் நடவடிக்கை எடுப்பார்கள். எடுக்கட்டும்.

கடைசியில் பதில் வந்தது. ஐந்து முத்திரைகளுக்கு நடுவே அரைப்பக்கம். ஆசிரியரின் வாக்குமூலம் ஏற்கப்படுகிறது. "இறந்தவரின் கவனக்குறைவு" என்ற சொற்கள் நீக்கப்படுகின்றன. இறந்தவரின் மனைவி இக்கடிதத்தின் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் மில்லில் நேரில் ஆஜரானால் அவருக்கு வேலை வழங்குவது குறித்து ஆவன செய்யப்படும்.

இம்முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அன்றைய மாலை வகுப்பை ரத்துசெய்துவிட்டு நேராக ராஜாஜிநகர் போனேன். பாக்கியம் சாரத்தில் இருந்தார். கீழே நின்று கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். இறங்கி வந்தவரிடம் அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டார்கள் என்றேன்.

"எடுத்துட்டாங்களா? அவரு மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்களா?"

"ஆமாம்மா."

குழாயடியில் முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, அப்படியே என்னோடு மில்லுக்கு நடந்தார். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது. எதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

மில் ஆபீசில் குமாஸ்தா கடிதத்தை வாங்கினார். ஒரு முறை படித்தார். மேல் மூலையில் தட்டச்சு செய்திருந்த, அவசரத்தில் நான் கவனிக்காமல் விட்ட தேதியில் விரலை வைத்தார். மார்ச் மூன்று. சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது.

"இது உங்க கைக்கு எந்தத் தேதி சார் வந்தது?"

பாக்கியம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை தேதி எனக்குத் தெரியும்.

"இன்றுதான்" என்றேன். "ஏப்ரல் பதினாறு."